மாதேரான் அடிவாரத்தில் குடியேற நினைக்கும் மும்பைத் தமிழர்களுக்கு

தாராவி, சயான், செம்பூர் பக்கம் ஒற்றை அறைக்குக் கொடுக்கும் வாடகையில் நேரளில் ஒரு முழு ஒன் பிஎச்கே கிடைக்கும், பால்கனியில் நின்றால் எதிரே மாதேரான் மலை தெரியும் என்று யாராவது சொன்னால் மனம் அங்கே ஓடத்தான் செய்யும். கர்ஜத் லைனில் பத்லாபூரைத் தாண்டினால் வரும் வாங்கணி, ஷேலு, நேரள், பிவ்புரி ரோடு ஆகிய ஊர்களுக்கும், அவற்றைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன கிராமங்களுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நேரளை ஒட்டிய அப்படி ஒரு கிராமத்தில்தான் நானும் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது என்ன விலை, எந்த பில்டர் என்றுதான். அந்தக் கேள்விகள் பிறகு வரட்டும்.

இங்கே வாழ்க்கை உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் ரயில், தண்ணீர், மழை மூன்றும் உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவர வேண்டும். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு பார்த்துவிட்டுப் போனால் இந்த மூன்றில் ஒன்றுகூடப் பிடிபடாது. அதனால் என் யோசனை எப்போதும் ஒன்றே: முதலில் வாடகைக்கு வாருங்கள். அந்த வாடகைக் காலத்துக்குள் ஒரு மே மாதமும் ஒரு ஜூலை மாதமும் வந்து போகட்டும். அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

வண்டியில் தொடங்குங்கள்

சிஎஸ்எம்டியிலிருந்து (மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) கல்யாண் 54 கி.மீ., பத்லாபூர் 68 கி.மீ., கர்ஜத் 100 கி.மீ. கர்ஜத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் நேரள். ஃபாஸ்ட் வண்டியானாலும் கல்யாணைத் தாண்டிய பிறகு விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அம்பர்நாத் என்று எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். நேரளிலிருந்து கல்யாண் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், தாணே ஒன்றேகால், தாதர் ஒன்றே முக்கால், சிஎஸ்எம்டி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இதெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான். வீட்டிலிருந்து ஸ்டேஷன், அங்கே இறங்கி ஆபீஸ் என்று இரண்டு முனையும் சேர்த்தால்தான் உண்மையான கணக்கு வரும்.

ஆகவே வீடு பார்க்க வருவதற்கு முன்னாலேயே, ஒரு வேலை நாளில் உங்கள் வழக்கமான ஷிஃப்ட் நேரத்துக்கு நேரளிலிருந்து ஆபீஸுக்குப் போய்ப் பாருங்கள். அன்று மாலையே திரும்பியும் வாருங்கள். காலைப் பயணம் உங்களை ஏமாற்றும், ஏனென்றால் அது சுலபம். வண்டி கர்ஜத்திலிருந்தோ கோபோலியிலிருந்தோ புறப்பட்டு வருவதால் நேரளில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும். பத்லாபூர்க்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நிஜமான சோதனை மாலையில்தான். சிஎஸ்எம்டியில் ஏறினால் சமாளித்துவிடலாம். தாதரில் கஷ்டம். தாணேயில் ஆறரை மணிக்குக் கர்ஜத் வண்டியில் ஏறுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அந்த வண்டியில் பாதிப் பேர் டோம்பிவலியிலும் கல்யாணிலும் இறங்கப் போகிறவர்கள். நீங்கள் உள்ளே தள்ளிப் போய்விடலாம், இறங்கும்போது வழி தானாகக் கிடைக்கும். வாசலில் தொங்கிக்கொண்டு மட்டும் வராதீர்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா பக்கம் ஓடும் வண்டியின் வாசலில் நின்றவர்கள் விழுந்து உயிரிழந்தார்கள். ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் வருவது மேல்.

அடுத்தது எப்போது என்பதுதான் இங்கே கேள்வி. பத்லாபூர் வரை வண்டிகள் அடிக்கடி உண்டு, அதற்கு மேல் குறைவு. பகல் வேளையில் இடைவெளி நீளம். கர்ஜத், கோபோலி வண்டிகளின் நேரத்தை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டிவையுங்கள். போனில் செயலி இருந்தாலும் இது வேண்டும், வீட்டில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டிய விஷயம் இது. கடைசி வண்டியைத் தவறவிட்டால் பத்லாபூர் வரை வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. சாலையில் வர வேண்டும். நள்ளிரவில் அந்தத் தூரத்துக்கு ஆட்டோக்காரர் கேட்கும் தொகை உங்கள் ஒரு நாள் சம்பளத்தை எட்டலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா பிளாக் உண்டு, அதாவது பாதைப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்துவார்கள். கல்யாணம், காதுகுத்து என்று ஞாயிறன்று மும்பைக்குள் போவதானால் முந்தின நாளே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்த ஊர் ஒத்துவரும்? கல்யாண், டோம்பிவலி, தாணே, முலுண்ட், காட்கோபர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒத்துவரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆபீஸ் போகிறவர்களுக்கு ரொம்பவே ஒத்துவரும். அந்தேரி, போரிவலி பக்கம் தினமும் போகிறவர்கள் தாதரில் இறங்கி வெஸ்டர்ன் லைன் மாற வேண்டும், ஒரு வருஷத்தில் உடம்பு கேட்காது. விடியற்காலை மூன்றரைக்கு மாவைக் கரைத்து தாராவியில் இட்லி வேலை பார்க்கிறவர்கள், குழந்தைகளுக்காக இங்கே வீடு எடுத்தாலும் தாராவி அறையை உடனே விட்டுவிட வேண்டாம்.

"பன்வெல்–கர்ஜத் புது லைன் வருகிறது, நவி மும்பைக்கு அரை மணி நேரம்" என்பார்கள். 29.6 கி.மீ. நீளத்துக்கு அந்தத் திட்டம் உண்டு, சிக்கலே, மொஹோபே, சௌக் வழியாகச் சுரங்கங்கள் தோண்டி வேலையும் நடந்திருக்கிறது. ஆனால் அது கர்ஜத்தில் வந்து சேரும் பாதை, நேரளில் இல்லை. விலை பேசும்போது இன்று உங்கள் கண்முன் ஓடும் வண்டிக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து நடந்து பாருங்கள்

குர்லாவிலும் சயானிலும் கையில் திணிக்கிற நோட்டீஸில் "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்" என்று இருக்கும். அது பைக்கில், காலியான சாலையில், பகலில். நீங்கள் ஸ்டேஷனில் இறங்கி, முதுகில் பையோடு, வீட்டு வாசல்வரை நடங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் உங்கள் வாழ்க்கை ஷேர் ஆட்டோவைச் சார்ந்ததாகிவிடும். இரவு ஒன்பதரைக்கு மேல் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருக்க வேண்டும், அல்லது தனியாக எடுக்க வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "காகா, பாவ்சாத் தித்தபர்யந்த் ஜாதா கா?" மழைக்காலத்தில் அந்த இடம் வரைக்கும் போவீர்களா என்று. அவர் கொஞ்சம் யோசித்தாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சனி, ஞாயிறு நேரள் ஸ்டேஷன் வேறு ஊராக மாறிவிடும். 1907 முதல் மாதேரானுக்கு ஓடும் குட்டி ரயில் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மாதேரான் நுழைவாயிலான தஸ்தூரி நாக்கா வரை போகும் டாக்ஸிகளும் இங்கிருந்துதான். மாதேரானுக்குள் மோட்டார் வண்டி கூடாது என்பதால் கூட்டமெல்லாம் அடிவாரத்திலேயே தேங்கும். அருவி பார்க்க வருகிற கூட்டம் ஜூலையில் தனி. காய்கறி, காஸ், பாங்க் வேலைகளை வார நாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம்: தண்ணீர்

இந்தப் பகுதியில் மழை கொட்டும், உல்லாஸ் நதியும் ஓடும். பிவ்புரியில் 1922 முதல் இயங்கும் டாடா மின்நிலையம் மலைமேல் அணையிலிருந்து வரும் நீரில் மின்சாரம் எடுத்துவிட்டுக் கீழே விடுகிறது, அதனால் கோடையிலும் ஆற்றில் நீரோட்டம் உண்டு. இருந்தும் ஏப்ரல் பிறந்தால் அதே ஆற்றங்கரைக் கிராமங்களில் குடத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் நீர் இருப்பது வேறு, அதை இறைத்து, சுத்தம் செய்து, மேட்டிலிருக்கும் உங்கள் குழாய்க்குக் கொண்டுவருவது வேறு. மோட்டார் பழுதானாலும் மின்சாரம் போனாலும் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மலைச்சரிவில் மண் மெல்லியது, கீழே கரும்பாறை. நவம்பரில் பொங்கிய போர்வெல் மார்ச்சில் காற்று வாங்கும்.

வீடு பார்க்கும்போது சமையலறை டைல்ஸை அப்புறம் பாருங்கள். முதலில் மாடிப்படியைப் பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் மூடி போட்ட நீல டிரம் இருந்தால், சில டிரம்களில் சாக்பீஸால் வீட்டு எண் எழுதியிருந்தால், டேங்கர் வந்தால் பங்கு பிரித்துத் தருகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். கீழ்த்தொட்டி எவ்வளவு பெரியது, தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயா, போர்வெல்லா, கிணறா, டேங்கரா, எந்த நேரத்தில் வரும் என்று கேளுங்கள். சொசைட்டி இருந்தால் மெயின்டனன்ஸ் ரசீது இரண்டு கேட்டு வாங்குங்கள்: ஒன்று நவம்பர் மாதத்துடையது, ஒன்று மே மாதத்துடையது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டேங்கர் செலவு. காட்டத் தயங்கினால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடலாம்.

எதிர்வீட்டில் கதவைத் தட்டிக் கேட்பதும் நல்லது. இங்கே பெண்கள் மறைக்காமல் சொல்வார்கள். "தாயி, மே மே பாணி?" (அக்கா, மே மாதம் தண்ணீர்?) என்று அரைகுறையாகக் கேட்டாலே போதும், எந்த வருஷம் எத்தனை நாள் வரவில்லை என்று அத்தனையும் சொல்லிவிடுவார்கள்.

ஜூலை மாதம்: மழை

மும்பை மழை நமக்குப் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் இங்கே பெய்வது அதைவிட அதிகம், பல நாள் வெயிலே தெரியாது. துணி காயாது, அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், அரிசி, பருப்பு சீக்கிரம் வண்டு வைக்கும். தென்மேற்கு பார்த்த சுவர் கசியும். கடைசி மாடி வேண்டாம், மொட்டைமாடிக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஓடை பக்கத்தில் தரைத்தளம் அறவே வேண்டாம்.

ஓடை என்றதும் பெரிதாக எதையோ தேடாதீர்கள். பிப்ரவரியில் அது கல்லும் குப்பையும் கிடக்கும் ஒரு பள்ளம். 2019 ஜூலை 27 அன்று பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை மீட்புப் படையினர் படகில் இறக்கினார்கள். அந்த வெள்ளம் உல்லாஸ் நதியும் அதில் சேரும் ஓடைகளும் சேர்ந்து கொண்டுவந்தது. 2005 ஜூலை 26 மழையில் மாதேரான் குட்டி ரயில் பாதையே அரித்துப்போய் 2007-ல்தான் மறுபடி ஓடியது. நீங்கள் பார்க்கும் வீட்டில் 2005-லும் 2019-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துப் பழைய வீடுகளில் விசாரியுங்கள். புதுக் கட்டடத்தில் அடையாளம் இருக்காது, பழைய கடைக்காரர் சுவரைக் காட்டிச் சொல்வார்.

சரிவை ஒட்டிய வீடுகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். 2023 ஜூலை 19 இரவு, இதே ராய்காட் மாவட்டத்தில் இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பு மண்சரிவில் புதைந்தது. அந்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அந்த மலை தெரியும். அவர்களுக்கே அப்படி நேர்ந்தது என்றால், மலையைக் குடைந்து மண்ணை வெட்டி நேற்று சமப்படுத்திய மனையில் வீடு வாங்குவதற்கு முன் நாம் நூறு முறை யோசிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருந்தால், வலை கட்டியிருந்தாலும், சுவர் எழுப்பியிருந்தாலும், வாங்காதீர்கள். காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காகக் குழந்தைகளை அங்கே தூங்கவைக்க முடியாது.

மழையில் மின்சாரம் அடிக்கடி போகும். இங்கே மாநில மின்விநியோக நிறுவனமான மஹாவிதரண்தான். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்வெர்ட்டர் அவசியம். உங்கள் சிம் வீட்டுக்குள் எடுக்கிறதா என்று உள்ளே நின்று போன் பேசிப் பாருங்கள். மலை மறைக்கும் மூலைகளில் ஒரு நிறுவனம் எடுக்கும், இன்னொன்று எடுக்காது.

பாம்பு, தேள் உண்டு. இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், செருப்பை உதறிப் போடுங்கள். நேரளில் ஆரம்ப சுகாதார நிலையம், கர்ஜத்தில் உபஜில்லா (துணை மாவட்ட) மருத்துவமனை இருக்கின்றன. பாம்புக்கடிக்கான மருந்து எங்கே எந்த நேரமும் கிடைக்கும் என்று குடிவந்த வாரமே நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

வாடகைப் பத்திரம், அப்புறம் வாங்கும் பத்திரம்

வாடகைக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற ஒப்பந்தம், பெரும்பாலும் 11 மாதம். மகாராஷ்டிராவில் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும், "கிராமத்தில் அதெல்லாம் தேவையில்லை" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவான பத்திரம் இருந்தால்தான் ஆதார் முகவரி, பள்ளி அட்மிஷன், காஸ் எல்லாம் சுலபம். டெபாசிட் பணம் பாங்க் வழியாகப் போகட்டும்.

வாங்கும் கட்டம் வந்தால் மெதுவாகப் போங்கள். முதலில் 7/12 உதாரா, அதாவது நிலம் யாருடையது என்று காட்டும் அரசுப் பதிவின் நகல். சாத்-பாரா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மகாபூலேக் என்ற அரசு நிலப் பதிவுத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். நான்கு விஷயம் கவனியுங்கள். உரிமையாளர் பெயர் விற்கிறவருடையதுதானா. நிலம் இன்னும் விவசாய நிலமா, அல்லது என்ஏ (விவசாயமல்லாத நிலம்) ஆகிவிட்டதா. "போகவடாதார் வர்க் 2" என்று இருக்கிறதா. இருந்தால் அரசு அனுமதி இல்லாமல் விற்க முடியாது. ஆதிவாசி நிலமா, இந்தத் தாலுகாவில் தாகூர், காத்கரி மக்களின் நிலம் நிறைய உண்டு, அதை மற்றவர்கள் பெயருக்கு மாற்றச் சட்டத்தில் கடுமையான தடை இருக்கிறது. அந்த நிலத்தை மலிவாக வாங்குவது சட்டப்படி மட்டும் தவறு இல்லை, இல்லாதவரிடமிருந்து பிடுங்குவதாகவும் ஆகும். ஒதுங்கிவிடுங்கள்.

"ஃபார்ம்ஹவுஸ் பிளாட், இரண்டு குண்டா, தவணை வசதி" என்பது இங்கே நடக்கும் பெரிய வலை. ஒரு குண்டா 1,089 சதுர அடி. மகாராஷ்டிராவில் விவசாய நிலத்தை விவசாயிதான் வாங்கலாம். அதையும் இஷ்டத்துக்குத் துண்டு போட முடியாது. அதனால் ஒரே சாத்-பாராவில் பலர் பெயரைச் சேர்த்துவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இது உங்களுடையது" என்பார்கள். கோடு மழையில் கரைந்துபோகும், மற்ற பங்குதாரர்கள் கையெழுத்து இல்லாமல் நீங்கள் விற்கவும் முடியாது. ஊரில் நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து இந்த வலையில் பணத்தைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்தது, 2003 பிப்ரவரியில் மாதேரானையும் சுற்றுப்புறத்தையும் மத்திய அரசு சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. அது 214 சதுர கி.மீ.க்கும் அதிகம், அடிவார நிலங்களும் அதில் வருகின்றன. அதற்குள் கட்ட வரம்புகள் உண்டு. உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா என்று வக்கீலைக் கொண்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஃப்ளாட் என்றால் மஹாரேரா எண், அதாவது மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்தத் திட்டம் பதிவான எண். தளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த மாடி வரை அனுமதி, எப்போது முடிக்க வேண்டும், என்ன வழக்கு என்று தெரியும். ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் கிராம பஞ்சாயத்தின் ஒரு கடிதத்தை மட்டும் காட்டினால் போதாது. சுலபமான ஒரு சோதனையும் உண்டு: பெரிய அரசு வங்கி ஒன்றில் அந்தக் கட்டடத்துக்கு வீட்டுக் கடன் கேளுங்கள். "அந்த பாங்க் வேண்டாம், நான் ஒரு ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வீட்டில் பெண் பெயரில் மட்டும் பதிவு செய்தால் ஸ்டாம்ப் டியூட்டியில் 1 சதவீதம் குறையும். பதிவுக் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டாது. இதற்கு மேல் "ரெஜிஸ்ட்ரேஷன் செலவு" என்று கேட்டால் ரசீது கேளுங்கள்.

குடிவந்த பிறகு

தமிழ்வழிப் பள்ளியை இங்கே எதிர்பார்க்க முடியாது. மராத்தி, ஆங்கிலவழிப் பள்ளிகள் உண்டு, தமிழ் எழுத்து வீட்டில்தான். மளிகைக்குக் கவலை வேண்டாம், புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் வேலையிலிருந்து திரும்பும்போது மாட்டுங்காவிலோ தாராவி 90 அடிச் சாலையிலோ வாங்கிவிடலாம். ஊருக்குப் போகிற சென்னை, நாகர்கோவில் வண்டிகள் நேரளைக் கடந்துதான் புனே பக்கம் போகின்றன, ஆனால் இங்கே நிற்காது. கல்யாணுக்குப் போய் ஏற வேண்டும்.

மழை தொடங்கியதும் ஸ்டேஷன் ரோட்டில் ஆதிவாசிப் பெண்கள் கூறு கட்டிக் காட்டுக் கீரை விற்பார்கள். தகரைக் கீரை நமக்குத் தெரிந்ததுதான். பழுபாகல் கிடைக்கும், வெங்காயம் போட்டு வதக்கினால் போதும். ஷேவ்ளா என்று ஈட்டி மாதிரி ஊதா முனையோடு ஒரு தண்டு வரும், ஜூனில் சில வாரம்தான். அதோடு காகட் என்ற சின்னப் பச்சைக்காயையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். அந்தப் புளிப்பு சேராவிட்டால் கருணைக்கிழங்கு மாதிரித் தொண்டை நமைக்கும். இல்லையென்றால் புளியைத் தாராளமாக ஊற்றுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், மலையிறங்கி நடந்து கொண்டுவந்தது அது.

மராத்தி கற்றுக்கொள்ளுங்கள். மும்பைக்குள் இந்தியை வைத்தே காலத்தை ஓட்டியவர்கள் நம்மில் நிறைய. இங்கே தலாட்டி (நிலப் பதிவு அதிகாரி), கிராமசேவக் (பஞ்சாயத்துச் செயலர்), ரேஷன் கடை எல்லாம் மராத்தியில்தான். பேச முயற்சி செய்கிறவர்களுக்கு ஊர் மனம் திறந்து உதவும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வரியைக் கர்பட்டி என்றும் தண்ணீர் வரியைப் பாணிபட்டி என்றும் கேட்பார்கள். வீட்டுக்காரர் கட்டினாரா என்று பாருங்கள், வாங்கியவரானால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களையொட்டிக் கிராமசபை கூடும். குடியேறியவர்கள் பெரும்பாலும் போவதில்லை, அதனால் புதுக் கட்டடங்களின் தண்ணீர்ப் பிரச்சினை அங்கே பேசப்படுவதே இல்லை. மே 1 கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், தண்ணீர் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. கட்டடத்திலிருந்து நாலு பேராகப் போங்கள், பாணிபட்டி ரசீதையும், எந்தெந்த நாள் குழாயில் வரவில்லை என்று குறித்த தாளையும் எடுத்துப் போங்கள், கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.